பிரசாதம் வேணாம்னு சொன்னா அது அவமரியாதையா?

ஜூன் 22, சாயந்திரம் – கேள்வி

ரொம்ப நாளா மனசுல கிடக்கறது. நான் காட்பாடி. ஆபீஸ்ல எனக்கு ரொம்ப க்ளோஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன், மேல்விஷாரம் பையன். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அவன் வீட்டு நோன்புக் கஞ்சி, பெருநாளைக்கு பிரியாணி, எதையும் நான் ஒரு வார்த்தை கேக்காம சாப்பிடுவேன். போன கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயில் போயிட்டு வந்து பஞ்சாமிர்தம் கொடுத்தேன், கையிலயே வாங்கல. "தப்பா எடுத்துக்காத மச்சான், சாமிக்கு படைச்சது நாங்க சாப்பிடறது இல்ல"ன்னுட்டான். செக்‌ஷனே பாத்துக்கினு இருந்துச்சு. எல்லா சாமியும் ஒண்ணுதானேன்னு நான் நினைக்கறேன், அவன் ஏன் நினைக்க மாட்டேங்கறான்? மரியாதைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணுமா இல்லையா?

ஜூன் 22, ராத்திரி – பதில்

தம்பி, அவன் உன் மூஞ்சிக்கு நேரா சொன்னான் பாரு, என்னைக் கேட்டா அதுதான் மரியாதை. வாங்கி பையில போட்டுக்கினு போயி வழியில யாருக்காவது தள்ளிட்டு, மறுநாள் வந்து "செம டேஸ்ட்டு மச்சான்"னு சொல்லியிருந்தா உனக்கு குளுகுளுன்னு இருந்திருக்கும். அப்படி செய்யறவங்க நிறைய பேரு இருக்காங்க. உன் ஃப்ரெண்டு உங்கிட்ட பொய் சொல்ல விரும்பல.

எங்க வீட்டு கதைய சொல்றேன். நாங்க வேலூர் தோட்டப்பாளையம். ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப எங்க மாமியார் பக்கத்து வீட்டு பாயம்மாவுக்கு ஒரு சொம்பு அனுப்புவாங்க, பாயம்மா "படைச்சது வேணாம்மா"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. மாமியாருக்கு அது முள்ளு மாதிரி தைச்சிடுச்சு, கொஞ்ச காலம் மூஞ்சி கொடுத்துக்கூட பேசல. அப்பால ஒரு ஆடிக்கு பாயம்மாவே பின்வாசல் பக்கமா வந்து நின்னாங்க. "உன் கூழுன்னா எனக்கு உசுரு, படைக்கறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு எனக்கு எடுத்து வைக்கறியா"ன்னு கேட்டாங்க. மாமியார் டக்குனு பதில் சொல்லல. ஆத்தாளுக்கு வைக்கறதுக்கு முன்னாடி எடுக்கறது அவங்க நம்பிக்கைக்கு இடிக்குது இல்ல? அன்னிக்கு முழுக்க யோசிச்சாங்க. சாயந்திரம் "வாய் விட்டு கேட்டவளுக்கு கொடுத்தா ஆத்தா கோவிச்சிக்க மாட்டா"ன்னு அவங்களே முடிவு பண்ணாங்க. இப்ப அடுப்புல இருந்து இறக்கினதும் முதல் சொம்பு பாயம்மா வீட்டுக்கு, முருங்கைக்கீரை பொரியலோட, கருவாட்டுக் குழம்போட. அப்பறம்தான் படையல்.

இதுல ரெண்டு பேரும் தன் சாமிய விட்டுக் கொடுக்கல. எல்லா சாமியும் ஒண்ணுன்னு பாயம்மாவும் சொல்லல, மாமியாரும் சொல்லல.

ஜூன் 23

"அப்ப நாமளும் இனிமே கஞ்சி குடிக்க வேணாம், சரிக்கு சரி"ன்னு கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு. அண்ணே, இது வட்டிக்கணக்கு இல்ல. நோன்புக் கஞ்சின்றது அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி போட்டு நோன்பு திறக்கறதுக்காக காய்ச்சறது. எந்த சாமிக்கும் படைச்சது கிடையாது. அதை குடிச்சா உங்க நம்பிக்கையில எதுவும் குறையல, அதனாலதான் நீங்க யோசிக்காம குடிக்கறீங்க. பஞ்சாமிர்தம் அபிஷேகம் ஆகி வந்தது, அவனுக்கு அங்கதான் இடிக்குது. ரெண்டையும் ஒரே தராசுல வச்சி நான் அத சாப்பிட்டேன் நீ இத சாப்பிடுன்னா நியாயம் ஆகாது. கறி சாப்பிடாத ஒருத்தர் வேணாம்னு தள்ளி வச்சா பாய் வீட்டுல யாராவது கோவிச்சிக்கறாங்களா? கறி போடாம தனியா காய்ச்சி கொடுத்த வீடெல்லாம் நான் பாத்திருக்கேன்.

ஜூன் 25

இன்னைக்கு கொஞ்சம் நேரம் கிடைச்சுது. நான் ஏன் இதுல இவ்ளோ பேசறேன்னா எங்க பொழப்பே இதுலதான் ஓடுது. சி.எம்.சி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு ரூம் விடறோம், கிச்சனோட. காந்தி ரோடு பக்கம் வந்து பாத்தவங்களுக்கு தெரியும், பாதி போர்டு வங்காளத்துல இருக்கும். கல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ், மிசோரம்னு எங்கெங்கோ இருந்து வர்றாங்க, மாசக்கணக்கா இருக்காங்க. ஒரு ரூம்ல கடுகெண்ணெயில மீன் பொரியும், அதுக்கு எதுத்த ரூம்ல பூண்டு வெங்காயம்கூட சேத்துக்காத குடும்பம் இருக்கும்.

எங்க மாமனார் காலத்துல ஒவ்வொரு ரூம்லயும் ஒரு முருகர் காலண்டர் மாட்டியிருப்போம். நல்ல எண்ணத்துலதான், நோயாளி கண்ணு முழிச்சா சாமிய பாக்கட்டும்னு. ஒரு தடவ டாக்காவுல இருந்து வந்த ஒரு பெரியவர் அரைகுறை இந்தியில எங்கிட்ட வந்து, நான் அஞ்சு வேளை தொழணும், படம் இருக்கற ரூம்ல தொழ முடியாது, எடுத்து வைக்கட்டுமான்னு அனுமதி கேட்டாரு. சரின்னேன். ரூம் காலி பண்ணப்ப நான் போய் பாத்தா, காலண்டர வெள்ளைத் துண்டுல நாலு பக்கமும் மடிச்சி சுத்தி, அலமாரி மேல் தட்டுல, வேற எந்த சாமானும் அது மேல படாம வச்சிட்டு போயிருக்காரு. அவருக்கு அது சாமி கிடையாது. எனக்கு சாமின்னு தெரிஞ்சி வச்சிருக்காரு.

அன்னியில இருந்து ரூம்ல படம் மாட்டறது இல்ல, ஆணி மட்டும் அடிச்சி வச்சிருக்கோம். வர்றவங்க காளி படம் மாட்டுவாங்க, சிலுவை மாட்டுவாங்க, சும்மாவும் விடுவாங்க. சீலிங்ல ஒரு மூலையில மேற்கு பாத்து, கொஞ்சம் வடக்கால சாஞ்சாப்ல ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கோம், தொழறவங்க திசை கேட்டுக்கினு மாடிக்கும் கீழயும் அலைய வேணாம்.

ஜூன் 25, அதே ராத்திரி

பூண்டு வெங்காயம் சேத்துக்காத குடும்பம்னா மார்வாடியான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. அவங்க மார்வாடி ஜெயின்தான். ஆனா ஜெயின்னாலே வடக்கத்தி ஆளுன்னு நினைக்காதீங்க. ஆரணி, போளூர், வந்தவாசி பக்கம் தமிழ் சமணர் இன்னைக்கும் இருக்காங்க, நயினார்னு சொல்லுவோம். பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டாங்க நிறைய பேரு. போளூர் பக்கத்துல திருமலைன்னு ஒரு ஊரு, குன்றுல சமணர் கும்பிடற நேமிநாதர் சிலை அம்மாம் பெருசு. அங்க சோழ இளவரசி குந்தவை பேருல ஒரு ஜினாலயம், அதாவது சமணக் கோயில், இருக்கு. தம்பி ராஜராஜன் தஞ்சாவூர்ல சிவனுக்கு அவ்ளோ பெரிய கோயில் கட்டினவரு, அவருக்கு அக்கா அந்தம்மா, சமணருக்கும் செஞ்சிருக்காங்க. சிவன விட்டுட்டு செய்யல.

ஜூன் 27

"இதெல்லாம் சின்ன விஷயம்கா, இவ்ளோ பெருசு பண்ணணுமா"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. எனக்கு மொத்த விவகாரமும் இங்கதான் இருக்குது. அடுத்தவங்க நம்பிக்கையில எது சின்னது எது பெருசுன்னு அளக்கற வேலை நம்மளுது இல்ல.

நம்ம வேலூர் கோட்டையிலயே நடந்தது. 1805 நவம்பர்ல மதராஸ் படைத்தளபதி ஜான் கிராடக் புது உடுப்பு உத்தரவு போடறாரு. சிப்பாய் நெத்தியில நாமம், விபூதி எதுவும் இருக்கக்கூடாது, காதுல கடுக்கன் போடக்கூடாது, தாடிய எடுக்கணும், மீசைய ஒரே மாதிரி வெட்டணும். தலைப்பாகைக்கு பதிலா புது மாதிரி தொப்பி, அதுல தோல் வச்ச குஞ்சம். வெள்ளைக்காரனுக்கு அது யூனிஃபார்ம், பரேடுல பாக்க நீட்டா இருக்கணும், அவ்ளோதான். இந்து சிப்பாய்க்கு அது மாட்டுத்தோலோன்னு பயம், முஸ்லிம் சிப்பாய்க்கு பன்னித்தோலோன்னு பயம், ரெண்டு பேருக்குமே இது நம்மள கிறிஸ்தவனா மாத்தற வழியோன்னு சந்தேகம். 1806 மே மாசமே போட மாட்டோம்னு எதுத்தாங்க. அதுல ரெண்டு பேருக்கு கசையடி கொடுத்து வேலைய விட்டே துரத்தினாங்க, ஒருத்தர் இந்து ஒருத்தர் முஸ்லிம். அப்பக்கூட யாரும் உக்காந்து கேக்கல, உனக்கு இதுல இன்னாப்பா கஷ்டம்னு.

ஜூலை 10 விடிகாலையில வெடிச்சுது. நூத்துக்கும் மேல வெள்ளைக்கார சிப்பாய்ங்க செத்தாங்க, ஆற்காட்டுல இருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து பிடிச்சதுக்கு அப்பறம் நம்ம ஆளுங்க நூத்துக்கணக்குல செத்தாங்க. கடைசியில உத்தரவையும் வாபஸ் வாங்கினாங்க, கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி கூப்பிட்டுக்கினாங்க. ஒரு தொப்பிக்கு. சின்ன விஷயம்னு உத்தரவு போட்டவன்தான் நினைச்சான், தலையில மாட்டறவன் நினைக்கல.

ஜூன் 28

மேல எழுதினதுக்கு, அது மத விஷயமே இல்ல, திப்பு பசங்களோட சதின்னு ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்காரு. திப்பு குடும்பம் கோட்டைக்குள்ள காவல்ல இருந்தது உண்மைதான், திப்புவோட கொடி ஏறினதும் உண்மைதான். அவங்க பங்கு எவ்ளோன்றதுல அந்த காலத்துலயே ரெண்டு கட்சி இருந்துச்சு. ஆனா சார், தொப்பி உத்தரவு மட்டும் இல்லன்னா நாமம் போட்டவனும் தாடி வச்சவனும் ஒரே ராத்திரியில ஒரே பக்கம் நின்னிருப்பாங்களா? ரெண்டு பேரு நம்பிக்கையும் வேற வேறதான். ரெண்டு பேருக்கும் பட்ட வலி மட்டும் ஒண்ணு.

ஜூலை 1

இப்ப வந்திருக்கற கேள்வி நல்ல கேள்வி. "யாரு நம்பிக்கையையும் அளக்கக்கூடாதுன்னா, உயிர வாங்கற நம்பிக்கைய இன்னா பண்றது?" ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சிக்கினு இருந்தேன்.

சி.எம்.சி.ய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதை வேலூர்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா பாதி பேரு ஆஸ்பத்திரி கட்டினதோட நிறுத்திப்பாங்க. 1890கள்ல திண்டிவனத்துல அவங்க அப்பா மிஷன் டாக்டரு. ஒரே ராத்திரியில மூணு பேரு வந்து கதவ தட்டறாங்க. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூணு பேரு பொண்டாட்டிக்கும் பிரசவத்துல கஷ்டம். டாக்டரான அப்பா வர்றேன்னு சொல்லியும், ஆம்பளை டாக்டர் எங்க வீட்டு பொம்பளைய தொடக்கூடாதுன்னு மூணு பேரும் திரும்பி போயிட்டாங்க. பொண்ணு ஐடா அப்ப டாக்டர் கிடையாது, ஒண்ணும் செய்ய முடியல. விடியறதுக்குள்ள மூணு பொம்பளைங்களும் செத்துட்டாங்க.

அதுக்கு அப்பறம் அந்தம்மா செஞ்சதத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கறேன். உங்க பழக்கம் காட்டுமிராண்டித்தனம்னு திட்டிட்டு ஊருக்கு கப்பல் ஏறல. சரி அது உங்க நம்பிக்கை, உங்க தலையெழுத்துன்னு கையையும் கட்டிக்கல. அமெரிக்கா போயி படிச்சி 1899ல டாக்டர் ஆயி, 1900ல திரும்ப வந்து, வேலூர்ல ஒத்தை கட்டில்ல ஆரம்பிச்சாங்க. 1902ல பொம்பளைங்களுக்குன்னு ஆஸ்பத்திரி, 1918ல பொம்பளைங்க டாக்டருக்கு படிக்கற ஸ்கூலு. அந்த மூணு பேரு ஆம்பளை வேணாம்னாங்களா, அவங்க வீட்டுக்குள்ள போகக்கூடிய பொம்பளை டாக்டருங்கள நம்ம ஊர்லயே உருவாக்கிட்டாங்க.

ஜூலை 1, கொஞ்ச நேரம் கழிச்சி

மேல எழுதிட்டு படுத்தேன், தூக்கம் வரல, எழுந்து வந்து எழுதறேன். அந்த மூணு வீட்டுக்காரனுங்க கதவ தட்டினாங்க, பேசினாங்க, முடிவு பண்ணாங்க. உள்ள வலியில கிடந்த பொம்பளைங்ககிட்ட யாராவது கேட்டாங்களா, உனக்கு ஆம்பளை டாக்டர் வேணுமா வேணாமான்னு? எனக்கு ரெண்டு பிரசவம் ஆச்சு, அந்த நேரத்துல யாரு தொடறாங்கன்னு எந்த பொம்பளையும் பாக்க மாட்டா, வலி நின்னா போதும்னு இருக்கும்.

அதனால என் நம்பிக்கைக்காக நான் பட்டினி கிடக்கறேன், பிரசாதத்த மறுக்கறேன், மொட்டை அடிச்சிக்கறேன், அது என் உடம்பு என் முடிவு, அதுல எவனும் பெருசு சின்னது சொல்லக்கூடாது. என் நம்பிக்கைக்கான விலைய இன்னொரு உசுரு கட்டுதுன்னா அப்ப கேள்வி கேக்கத்தான் செய்யணும். அந்த எடத்துல மரியாதைன்னு வாய மூடிக்கினு இருக்கறது எனக்கு சம்மதம் இல்ல.

ஜூலை 2

சாமியே இல்லன்றவங்களுக்கு இதுல எடம் இருக்கான்னு கேட்ட தம்பிக்கு: 1973 டிசம்பர் 24ல பெரியார் உசுரு போனது இதே வேலூர் சி.எம்.சி.யிலதான். வாழ்நாள் முழுக்க கடவுள் இல்லன்னு சொன்ன மனுஷன், ஏசு பேருல நடக்கற ஆஸ்பத்திரி. அவர பாத்துக்கறதுக்கு யாரும் நம்பிக்கை கேக்கல, அவரும் அந்த கட்டில்ல படுக்கறதுக்காக எதையும் மாத்திக்கல. எடம் இருக்கு தம்பி.

ஜூலை 5

வீடு வாடகை விஷயம் எழுதச் சொல்லி நாலு பேரு கேட்டாச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு நர்ஸ் பொண்ணு, வேற ஊரு, இங்க வேலை கிடைச்சி வீடு தேடிக்கினு அலைஞ்சிது. முதல் வீட்ல பேரு கேட்டாங்க, ரெண்டாவது வீட்ல எந்த சர்ச்சுன்னு கேட்டாங்க, எந்த சர்ச்சுன்னா அது சாதி கேக்கற வழி. இன்னொரு வீட்ல "நாங்க சுத்த சைவம்மா"ன்னு கதவ சாத்தினாங்க. எங்க ஆச்சாரத்த மதிக்க மாட்டீங்களான்னு அந்த வீட்டுக்காரங்க எதிர் கேள்வி கேப்பாங்க. நான் மதிக்கறேன். உங்க அடுப்புல மீன் வைக்க மாட்டேன், உங்க பூஜை ரூம் பக்கம் வர மாட்டேன். ஆனா மாடி போர்ஷன்ல ஒருத்தி என்ன சமைக்கறா, எந்த சாமிய கும்பிடறான்றது உங்க ஆச்சாரம் கிடையாது, அது அவ வாழ்க்கை. தன் தட்டுல எது இருக்கணும்னு சொல்றவன நான் எங்க வேணா நின்னு ஆதரிப்பேன். அடுத்தவ தட்டுக்கு சட்டம் போட்டா ஆதரிக்க முடியாது.

அந்தப் பொண்ணு இப்ப எங்க வீட்டு பின்பக்க ரூம்லதான் இருக்குது.

ஜூலை 7

வேற மதத்துக்காரங்கள மதிக்கறது சுலபங்க. கஷ்டம் எங்கன்னா சொந்த வீட்டுக்குள்ள.

என் தம்பி பெந்தெகொஸ்தே ஆயிட்டான். நான் பொறந்த ஊரு குடியாத்தம், வைகாசி ஒண்ணுன்னா கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலைய ஊர்வலமா எடுத்துக்கினு வர்ற திருவிழா. தரணம்பேட்டையில இருந்து சிரசு கிளம்பி கோபாலபுரம் கோயிலுக்கு வர்ற வரைக்கும் ஊரே ரோட்ல இருக்கும், தேங்காய் உடைச்சி உடைச்சி தெரு முழுக்க ஓடும். அவன் சின்ன பிள்ளையில வேப்பிலை கட்டிக்கினு ஆடினவன். ஞானஸ்நானம் வாங்கின வருஷம் வரல. எங்க அம்மா அழுதாங்க, நான் போன்ல அவன கண்டபடி பேசினேன், அவனும் திருப்பி விக்கிரகம் அது இதுன்னு பேசிட்டான். பாயம்மா கூழ் விஷயத்த இங்க அவ்ளோ பக்குவமா எழுதற எனக்கே, சொந்த ரத்தத்துகிட்ட அந்த பக்குவம் காணாம போயிடுச்சு.

போன வைகாசிக்கு வந்தான். படையல் பக்கம் வரல, விபூதி வாங்கல. அம்மாவுக்கு மூட்டு தேஞ்சி படி ஏற முடியாது. சிரசு எங்க தெரு திரும்புதுன்னு மேளச் சத்தம் கேட்டதும், அவனே அம்மாவ அலாக்கா தூக்கிக்கினு மாடிக்கு போயி, சேர் போட்டு உக்கார வச்சி, வெயில் படாம குடைய பிடிச்சிக்கினு பின்னால நின்னான். அம்மா கையெடுத்து கும்பிட்டாங்க, அவன் கும்பிடல. சிரசு தாண்டினதும் கீழ இறக்கி விட்டுட்டு மோர் கேட்டான். அம்மாவும் இப்ப ஞாயித்துக்கிழமை காலையில அவனுக்கு போன் பண்றது இல்ல, ஜெபத்துல இருப்பான்னு.

இதுக்கு பேருதான் எல்லா மதமும் ஒண்ணுன்னு யாராவது கீழ எழுதினா நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அப்படியேதான் இருக்கு, அம்மா இன்னும் மனசுக்குள்ள வருத்தப்படறாங்க, அவனும் அம்மாவுக்காக ஜெபம் பண்றான். இருந்துட்டு போகட்டும்.

ஜூலை 10

இன்னைக்கு மக்கான் சிக்னல்ல இருக்கற 1806 சிப்பாய் புரட்சி நினைவுத்தூணுக்கு மாலை போட்டாங்க. அத வச்சி ஒருத்தர் கோட்டை போட்டோ போட்டு, கோயில் மசூதி சர்ச் ஒரே மதிலுக்குள்ள, இதான் வேலூர்னு எழுதியிருக்காரு. பாக்க எனக்கும் பெருமையாத்தான் இருக்கு. ஆனா உள்ள போய் பாருங்க. ஜலகண்டேஸ்வரர் கோயில்ல ரொம்ப காலம் மூலவர் இல்ல, பூஜை இல்ல, 1981லதான் சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்த கொண்டாந்து வச்சாங்க. சர்ச் 1846ல கட்டினது. மசூதியில தொழ விடுங்கன்னு இன்னைக்கும் கேட்டுக்கினுதான் இருக்காங்க. மூணு கட்டடம் பக்கத்துல பக்கத்துல நிக்கறதுனால மூணு கூட்டமும் நிம்மதியா இருக்குன்னு ஆயிடாது. கும்பிட எடம் இல்லாதவனுக்கும் சேத்து கேக்கணும், போட்டோவ ஷேர் பண்றதோட முடிஞ்சிடக்கூடாது.

ஜூலை 13

கடைசியா வந்தது ஸ்பீக்கர் பஞ்சாயத்து. ஆடி பொறக்கப் போகுது, எங்க தெரு அம்மன் கோயில்ல கோன் ஸ்பீக்கர் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. போன வருஷம் எங்க ரூம்ல கீமோ எடுத்துக்கினு வந்த ஒரு பொண்ணு ராத்திரி பூரா காத பொத்திக்கினு உக்காந்திருந்துச்சு. சட்டப்படி ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடாது, விசேஷத்துக்கு தனியா அனுமதி வாங்கினா கொஞ்ச நாள் 12 வரைக்கும் விடுவாங்க. ஆஸ்பத்திரிய சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். இதெல்லாம் கோயிலுக்கு மட்டும் இல்ல, பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் ஒண்ணுதான்.

ஆனா நான் சட்டத்த எடுத்துக்கினு போகல. கமிட்டி தலைவர் எனக்கு பெரியப்பா முறை. அவர கூட்டியாந்து மாடி ரூம்ல ரெண்டு நிமிஷம் நிக்க வச்சி, அந்த ஜன்னல தொறந்து காட்டினேன். அவரு ஒண்ணும் பேசல. பாட்டு இல்லாம ஆடியான்னு இளவட்டங்க கொதிக்கறாங்க, அதுவும் எனக்கு புரியுது, அந்தப் பாட்ட கேட்டாத்தான் எனக்கே ஆடி வந்த மாதிரி இருக்கும். இன்னைக்கு சாயந்திரம் சொல்லி அனுப்பினாரு: நம்ம பக்கம் பாத்து கட்டின ரெண்டு கோன எடுத்துட்டு கோயில் வாசலுக்கு மட்டும் பாக்ஸ் வைக்கறாங்களாம், ஒம்பதரைக்கு நிறுத்திடுவாங்களாம், கூழ் ஊத்தற ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து வரைக்கும் பொறுத்துக்கணுமாம். சரி பெரியப்பான்னுட்டேன். அந்த ஒரு ஞாயிறுக்கு ஜன்னல் பக்க ரூம்ல இருக்கறவங்கள பின்பக்கம் மாத்திக்கறேன், ரெண்டு ரூம் காலியாத்தான் இருக்கு.